இன்னொரு வீட்டுக்குப் போகப்போகும் பயந்த நாய்

தங்கச்சி, நீங்கள் எழுதியதை நான் விளங்கிக்கொண்ட மாதிரி ஒருக்காச் சொல்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். முறிகண்டிக்குக் கிட்ட ஏ9 வீதியோரம் எழும்ப ஏலாமல் மெலிந்து கிடந்த ஒரு பெட்டை நாயை விசுவமடுவில் உள்ள உங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்து 12 நாளாகிறது. வயது ஒன்று இருக்கலாம். பகல் முழுக்க விறகு அடுக்குக்குப் பின்னால் கிடக்கிறது, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகுதான் சாப்பிடுகிறது, அண்ணாவின் மோட்டார் சைக்கிள் படலைக்குள் வந்தாலே வேலியோரம் ஒதுங்கி நடுங்குகிறது. வவுனியாவில் ஒரு குடும்பம் தைப்பொங்கலுக்குப் பிறகு அதை எடுத்து வளர்க்கச் சம்மதித்திருக்கிறது. அதற்குள் பழக்கிவிட முடியுமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், என்னோடு பழகின பிறகு கொடுத்தால் அது துரோகம் இல்லையா என்றும் கேட்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகத் தெரிகிறது, முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது. நாய் உங்கள் ஒருவரோடு மட்டும் ஒட்டிக்கொண்டால் தை மாதம் அதற்குப் பெரிய அடியாகத்தான் இருக்கும். மனிதர் என்ற இனத்தின் மீதே கொஞ்சம் நம்பிக்கை வந்தால் அந்த நம்பிக்கையை அது வவுனியாவுக்கும் கொண்டுபோகும். இந்த மூன்று மாதத்தில் நீங்கள் செய்ய வேண்டியது இரண்டாவதை.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தராக முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கங்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அலுவலக வேலை மாடு, ஆடு, கோழியோடுதான். நாய்கள் வீட்டு வளவுக்குள் தாங்களாக வந்து சேர்ந்தவை, அவற்றில் பலவற்றை வேறு வீடுகளுக்குக் கொடுத்தும் இருக்கிறேன். நான் மிருக வைத்தியர் இல்லை, ஆகவே மருந்து, ஊசி விடயத்தில் நான் சொல்வது உங்களை வைத்தியரிடம் அனுப்பும் அளவுக்கு மட்டும்தான். அதோடு நாயை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இதை யாரோ நன்றாக அடித்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இருக்கலாம். ஆனால் பயத்தை மட்டும் பார்த்து அப்படி முடிவெடுக்க முடியாது. நாய்க்குட்டி பிறந்து மூன்றாவது கிழமையிலிருந்து ஏறக்குறைய பதினான்காவது கிழமை வரை உள்ள காலம் மிக முக்கியமானது. அந்தக் காலத்தில் அது கண்டு பழகும் ஆட்கள், சத்தங்கள், வாகனங்கள், தரை, கதவு எல்லாம் பிறகு அதற்குச் சாதாரணமாக இருக்கும். அந்த வயதில் காட்டோரத்திலோ கைவிடப்பட்ட வளவிலோ தாயோடு மட்டும் வளர்ந்த குட்டிக்கு, ஒருவரும் ஒரு அடி அடிக்காவிட்டாலும், தும்புத்தடியும் தலைக்கவசம் போட்ட ஆளும் பயங்கரமாகத்தான் தெரியும். பயந்த தாயின் குட்டிகள் பிறப்பிலேயே கூடுதலாகப் பயப்படுவதும் உண்டு. நான் இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அடி வாங்கிய பாவம் என்று நினைப்பவர்கள் அதை அன்பால் மூழ்கடிக்கப் பார்ப்பார்கள், தூக்குவார்கள், மடியில் வைப்பார்கள், தலையைத் தடவிக்கொண்டே இருப்பார்கள். மனிதரையே அறியாத நாய்க்கு அந்தத் தடவலும் ஒரு தாக்குதல்தான். காரணம் எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அது கேட்காமல் தொடாதீர்கள்.

விறகு அடுக்குக்குப் பின்னால் கிடப்பதைத் தடுக்க வேண்டாம். அதை வெளியே இழுத்து எடுத்தால் பழகிவிடும் என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள், அது பிழை. ஒளிய இடம் இருக்கிற நாய்தான் வெளியே வரத் துணியும். அந்த இடத்தை இன்னும் நல்லதாக்குங்கள், மழை நனையாதபடி மேலே ஒரு தகரம், கீழே உலர்ந்த சாக்கு, கிட்டத்தில் தண்ணீர்ச் சட்டி. விறகு அடுக்கு பாம்பு வரும் இடம் என்பதால், முடிந்தால் கொட்டிலின் ஒரு மூலையில் இதே மாதிரி இருட்டான ஒதுக்கிடம் ஒன்றையும் செய்து சாப்பாட்டை நாளுக்குக் கொஞ்சமாக அந்தப் பக்கம் நகர்த்துங்கள், தானாக மாறும். நீங்கள் கட்டாயம் இன்றைக்கே பார்க்க வேண்டியது வேலி. பொட்டுகளை எல்லாம் அடையுங்கள், படலைக்குக் கீழ் இடைவெளியையும். எங்கள் பக்கம் முட்கம்பி வேலிதான் அதிகம், மாட்டை மறிக்கும், நாயை மறிக்காது. அடிப்பகுதிக்குக் கோழிக்கூட்டு வலையைக் கட்டினால் போதும். பயந்த நாய் ஓடினால் கூப்பிட்டு வராது, உங்கள் குரல் கேட்டு இன்னும் ஓடும். அதற்காகச் சங்கிலியில் கட்டி வைக்காதீர்கள். ஓட முடியாத நாய்க்குக் கடிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

பழக்குவது எப்படி? சாப்பாட்டால்தான், ஆனால் கையை நீட்டிக் கூப்பிடும் சாப்பாட்டால் அல்ல. நேரம் மாறாமல் ஒரு நாளைக்கு இரண்டு தரம் சட்டியை வையுங்கள், மெலிந்த நாய் என்பதால் இப்போதைக்கு மூன்று தரம் கொஞ்சம் கொஞ்சமாக. வைத்துவிட்டு முதுகு காட்டி நடந்து போங்கள். அதைவிட முக்கியமானது, பின்னேரத்தில் கொஞ்ச நேரம் அதன் இடத்திலிருந்து தள்ளி, நேரே பார்க்காமல் பக்கவாட்டில் நிலத்தில் இருந்து, போனைப் பாருங்கள், வெங்காயம் உரியுங்கள், ஏதோ உங்கள் வேலை. இடைக்கிடை அவித்த சூடை மீனில் ஒரு துண்டை முள் எடுத்து எறியுங்கள். எங்கே எறிய வேண்டும் என்பதில்தான் விடயம் இருக்கிறது. உங்களுக்குக் கிட்ட எறிந்தால் பசி இழுக்கும், பயம் தள்ளும், நடுவில் நின்று அந்தரப்படும், திடீரென்று தான் எவ்வளவு கிட்ட வந்துவிட்டேன் என்று உணர்ந்தால் அடுத்த நாள் இன்னும் தூரத்தில் நிற்கும். அதற்குப் பின்னால் எறியுங்கள். விலகிப் போய் எடுத்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும், பிறகு தானாக ஒரு அடி முன்னுக்கு வரும். அந்த ஒரு அடியை அது தன் விருப்பத்தில் வைத்தது, அதுதான் நிலைக்கும். காட்டுக்குள் மேயவிட்ட பட்டி மாட்டைக் கறவைக்குப் பழக்கினவர்களுக்கு இது தெரியும், துரத்தினவனிடம் மாடு வராது, தவிட்டு வாளியோடு சும்மா நிற்பவனிடம்தான் வரும்.

அது என்ன சொல்கிறது என்று வாசிக்கப் பழகுங்கள். பசியில்லாமல் உதட்டை நக்குவது, நித்திரை வராமல் கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வால் வயிற்றுக்குள் போவது, அப்படியே உறைந்து நிற்பது, எல்லாம் ‘போதும், தள்ளிப் போ’ என்பதுதான். உறுமினால் ஏசாதீர்கள், அடிக்காதீர்கள். உறுமல் ஒரு எச்சரிக்கை, அதை அடித்து அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும். இன்னொன்று, நீங்கள் முதல் இரண்டு நாள் நல்ல அமைதி, தூக்கினாலும் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது அமைதியாக இருக்க வாய்ப்பில்லை, பசியும் பயமும் சேர்ந்து உறைந்துபோன நிலை. இப்போது ஓடி ஒளிகிறது என்றால் பின்னுக்குப் போய்விட்டது என்று கவலைப்படாதீர்கள், உடம்பில் தெம்பு வந்து தன் விருப்பத்தைக் காட்டத் தொடங்கியிருக்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பெரியவர் இல்லாமல் அதன் பக்கம் போக விட வேண்டாம், அது சாப்பிடும்போதும் படுக்கும்போதும் முக்கியமாக.

இனி நான் முதலில் சொன்ன விடயம். உங்களிடம் வந்து மீன் துண்டை வாங்கத் தொடங்கிய கிழமையிலேயே அடுத்த ஆளைச் சேருங்கள். அம்மா ஒரு நேரம் சாப்பாடு வைக்கட்டும். பிறகு அண்ணா. ஆண்களுக்குப் பயப்படும் நாய்கள் நிறைய, ஆகவே அண்ணாவின் வேலை எல்லோருடையதையும்விட மெதுவாக நடக்க வேண்டும். மோட்டார் சைக்கிளைப் படலைக்கு வெளியே நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, உள்ளே வரும்போது ஒவ்வொரு முறையும் ஒரு துண்டை அதன் பக்கம் எறிந்துவிட்டு அதைப் பார்க்காமலே வீட்டுக்குள் போகட்டும். சத்தம் வந்தால் மீன் வரும் என்று அதன் தலைக்குள் பதிய நாளெடுக்கும், ஆனால் பதியும். பிறகு பக்கத்து வீட்டு அக்கா, பால் கொண்டுவரும் ஐயா, வந்து போகும் உறவினர். ஒருவரும் தொட வேண்டியதில்லை, வந்தார்கள், நல்லது ஒன்று விழுந்தது, போய்விட்டார்கள், அவ்வளவுதான். நான் கொடுத்த நாய்களில் புது வீட்டில் கெதியாகச் சாப்பிடத் தொடங்கியவை இப்படிப் பல கைகளைக் கண்டவைதான், ஒருவரின் காலுக்குள்ளேயே சுற்றித் திரிந்தவை கூடுதலாகக் கஷ்டப்பட்டன. சாப்பாடு வைக்கும்போது எல்லோரும் ஒரே சொல்லையே சொல்லுங்கள், ‘இந்தா’ என்றால் இந்தா. எப்போதும் படுக்கும் சாக்கைக் கழுவாமல் வைத்திருங்கள். சொல்லும் மணமும் அதோடு வவுனியாவுக்குப் போகும்.

தொட விடும் நிலை வந்தால் தலைக்கு மேலால் கையைக் கொண்டுபோக வேண்டாம், நெஞ்சுப் பக்கத்தையோ தோளையோ இரண்டு மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். திரும்ப வந்து உரசினால் தொடருங்கள், இல்லையென்றால் அன்றைக்கு அவ்வளவுதான். கழுத்துப்பட்டியும் அப்படித்தான், முதலில் சாப்பாட்டுச் சட்டிக்குப் பக்கத்தில் கிடக்கட்டும், பிறகு போடலாம். வெளியே நடத்திக்கொண்டு போகும் காலம் வந்தால் கழுத்துப்பட்டியோடு நெஞ்சுப்பட்டியும் போடுங்கள், பயந்த நாய் பின்னுக்கு இழுத்துக் கழுத்துப்பட்டியைக் கழற்றிவிடும்.

இப்போது ஐப்பசி, மழையும் இடியும் தொடங்கும் நேரம், தீபாவளி வெடி வேறு. நெல் கதிர் தள்ளினால் வயலுக்கு வரும் யானையை விரட்டப் போடும் வெடியும் இரவில் கேட்கும். இந்த மண்ணில் வெடிச்சத்தத்துக்கு நெஞ்சு பதறுவது என்னவென்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நேரங்களில் நாயை அடைப்பான இடத்தில் வைத்துக் கதவைச் சாத்துங்கள், வானொலியை மெல்லப் போட்டுவிடுங்கள். பயந்து நடுங்கும்போது ஆறுதல் சொன்னால் பயம் கூடிவிடும் என்று ஒரு கதை இருக்கிறது. அது சரியில்லை, பயம் ஒரு உணர்வு, ஆறுதல் கொடுப்பதால் வளராது. உங்களிடம் வந்து ஒட்டினால் ஒட்டட்டும், ஒளிந்தால் ஒளியட்டும். வெடிச்சத்தம் கேட்டு ஓடிய நாய்கள்தான் எங்கள் பக்கம் கூடுதலாகக் காணாமல் போகின்றன, ஆகவே கார்த்திகை, மார்கழியில் இரவு நேரத்தில் திறந்த வளவில் விட வேண்டாம்.

உடல்நலத்தில் முதலாவது விசர்நாய்க்கடி நோய்த் தடுப்பூசி. உங்கள் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள், சுகாதாரப் பகுதியினர் இலவசமாகப் போடுவார்கள். முதல் ஊசி போட்டு 28 நாள் கழிந்த பிறகுதான் பாதுகாப்பு வந்ததாகக் கணக்கு. அதோடு இந்த நோயின் கிருமி உடம்புக்குள் போய்க் கிழமைகள், சில வேளை மாதங்கள் கழித்தும் வெளிப்படலாம், ஆகவே பழைய கதை தெரியாத நாய் என்பதை மறக்க வேண்டாம். கடித்தாலோ கீறினாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ, 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சின்னக் கீறல்தானே என்று விட வேண்டாம், அறிகுறி வந்த பிறகு இந்த நோய்க்குச் சிகிச்சை இல்லை. நாய் திடீரென்று குணம் மாறினால், விழுங்க முடியாமல் வீணீர் வடித்தால், தாடை தொங்கினால், தள்ளாடினால் கிட்டப் போகாமல் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

உண்ணிக்குத் தொடாமலே கொடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன, இறைச்சிக்குள் வைத்துக் கொடுக்கலாம், நிறையைச் சொன்னால் அரச கால்நடை வைத்தியர் எழுதித் தருவார். தயவுசெய்து வயலுக்கு அடிக்கும் மருந்தைப் பூசாதீர்கள், சொறிக்குக் கழிவு எண்ணெயும் பூசாதீர்கள். எங்கள் ஊர்களில் நல்ல எண்ணத்தோடு இதைச் செய்து நாயைச் சாகடித்தவர்களைக் கண்டிருக்கிறேன். காய்ச்சல் என்று பனடோல் கொடுக்கவும் கூடாது. குழம்பில் வெங்காயம் கிடக்கும், அது நாயின் இரத்தத்தைக் கெடுக்கும், ஆகவே சோற்றோடு கறி போடாமல் அவித்த மீனோ கோழியோ போடுங்கள். சமைத்த கோழி எலும்பு வேண்டாம், சிராய் சிராயாக உடைந்து குடலைக் குத்தும்.

பெட்டை என்பதால் கருத்தடை செய்யாமல் கொடுக்க வேண்டாம் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். பெட்டைக் குட்டிகளைத்தானே சந்தையிலும் கோயில் வாசலிலும் ஏ9 ஓரத்திலும் கொண்டுவந்து விடுகிறார்கள், உங்களிடம் இருப்பதும் அப்படி விடப்பட்ட ஒன்றாக இருக்கலாம். 2006 இலிருந்து அரசு கட்டாக்காலி நாய்களைக் கொல்வதில்லை, நல்ல முடிவு அது. ஆனால் அதன் பிறகு பெருக்கத்தைக் குறைக்கக் கருத்தடையை விட்டால் வழியில்லை. இப்போதே வைத்தியரிடம் வயிற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். நாய்க்குச் சினைக்காலம் 63 நாள் அளவில்தான், தெருவில் நின்றது என்பதால் ஏற்கனவே சினையாக இருக்கக்கூடும், உடம்பு தேறுகிறது என்று நீங்கள் நினைப்பது அதுவாகவும் இருக்கலாம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு தையல் ஆறப் பத்துப் பதினான்கு நாள் வேண்டும். ஆகவே தைக்குக் கிட்ட வைக்காமல் கார்த்திகை முடிவுக்குள் முடித்தால், வைத்தியரிடம் போய்வந்த பயம் தணியவும் நேரம் கிடைக்கும். ஒரே மயக்கத்தில் நகம் வெட்டுவது, காது பார்ப்பது எல்லாவற்றையும் செய்யச் சொல்லுங்கள்.

தைக்குள் முடியுமா என்றால், எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் 3 நாள் அதிர்ச்சி, 3 கிழமையில் வீட்டு ஒழுங்கு விளங்கும், 3 மாதத்தில் சொந்த வீடு என்று உணரும் என்று நாய் மீட்பவர்கள் சொல்வார்கள். அது அனுபவத்தில் சொல்லும் ஒரு கணக்கு, ஆராய்ச்சியில் வந்த சட்டம் இல்லை, பயந்த நாய்க்கு அதைவிட நிறைய எடுக்கலாம். வீட்டாருக்கு முன்னால் சாப்பிடும், இரண்டு மூன்று பேர் தொட விடும், கழுத்துப்பட்டி போட விடும் என்ற அளவுக்குத் தை மாதத்துக்குள் வருவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. வருகிற ஆட்களிடம் எல்லாம் வாலாட்டிக்கொண்டு ஓடும் நாயாக அது எப்போதாவது மாறுமா என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது. சில நாய்கள் வாழ்நாள் முழுக்க ஒதுக்கமாகவே இருந்து, தன் இரண்டு மூன்று ஆட்களோடு மட்டும் சந்தோசமாக வாழும். வவுனியாக்காரர் அப்படியான நாயை ஏற்பார்களா என்பதை இப்போதே வெளிப்படையாகக் கதையுங்கள். காவலுக்கு வேண்டும், பிள்ளைகள் விளையாட வேண்டும் என்று எதிர்பார்த்தால் இந்த நாய் அவர்களுக்குப் பொருந்தாது, சங்கிலியில்தான் போய் முடியும், வேறு வீடு தேடுங்கள். ஏற்கனவே சாதுவான நாய் ஒன்று உள்ள வீடு என்றால் நல்லது, பயந்த நாய்கள் மனிதரைப் பார்த்துக் கற்றுக்கொள்வதைவிட இன்னொரு நாயைப் பார்த்துக் கெதியாகக் கற்றுக்கொள்ளும்.

துரோகமா என்றால், என் கணக்கில் இல்லை. பிரிவு அதற்குத் தெரியும், சில நாள் சாப்பிடாமல் இருக்கும், வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்கும், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விறகு அடுக்குக்குப் பின்னால் கிடந்தபோது இருந்த நாய் இல்லை அது, ஒருமுறை நம்பப் பழகின நாய்க்கு இரண்டாம் முறை அவ்வளவு காலம் எடுப்பதில்லை. உங்களால் இந்த இடத்தைக் காலியாக்க முடிந்தால் முறிகண்டியில் கிடக்கும் அடுத்ததையும் தூக்கலாம். கொடுக்க மனம் வரவில்லை, வைத்திருக்க வீட்டில் வசதியும் சம்மதமும் உண்டு என்றால் வைத்திருங்கள், அதிலும் பிழையில்லை, வவுனியாக்காரருக்கு நேரத்தோடு சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கொடுப்பது என்றால் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். மார்கழியிலேயே அவர்களை இரண்டு மூன்று முறை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அவர்கள் கையாலும் மீன் விழட்டும். போகும் நாளில் விடியக் காலமை வெயில் ஏற முதல் புறப்படுங்கள், வாகனத்தில் சத்தி எடுக்காமல் இருக்கச் சில மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், வானின் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பட்டி கையில் இருக்கட்டும். படுத்த சாக்கு, சட்டி, தடுப்பூசி அட்டை, என்ன நேரம் என்ன சாப்பிடும் என்று எழுதிய ஒரு கடதாசி, எல்லாம் கூடப் போகட்டும். அங்கே முதல் கிழமைகளில் படலை பூட்டியிருக்க வேண்டும், வெளியே போனால் பட்டியோடுதான். அப்படியும் ஓடிவிட்டால் ஊரே சேர்ந்து துரத்த வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள். கடைசியாகக் கண்ட இடத்தில் அந்தச் சாக்கையும் சாப்பாட்டையும் வைத்துவிட்டு, ஒருவர் மட்டும் தூரத்தில் நிலத்தில் அமைதியாக இருக்க வேண்டும், விடியலிலும் பொழுதுபட்ட பிறகும் வருவதற்கு வாய்ப்பு அதிகம். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் இன்னும் நல்லது, ஆகவே உங்கள் தொலைபேசி இலக்கம் அவர்கள் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கட்டும். வைத்தியரிடம் வயிறு பார்த்த பிறகு என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள், சினையாக இருந்தால் இந்தத் திட்டத்தில் பாதியை மாற்ற வேண்டிவரும்.